சுவர் சொல்லும் சேதி

வீடு வாங்கப் போகிறவர்களுக்காக, திருவனந்தபுரத்தில் ஒரு தொடர்கல்வி மையத்தில் கொத்தனார் ஒருவர் ஆற்றிய உரை

 

நான் ஒரு கொத்தனார். தக்கலைக்குப் பக்கத்தில் பிறந்தவன். முப்பது வருடங்களுக்கும் மேலாகத் திருவனந்தபுரத்தில் சுவர் கட்டி வருகிறேன். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. கரண்டி பிடித்த கை இது. மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறது. ஆனாலும் இந்த மையத்து டீச்சர் விடவில்லை. "உங்க வீட்டுக் கதையை அப்படியே சொல்லுங்க அண்ணாச்சி, அது போதும்" என்றார்.

அதனால் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அது நான் ஏமாந்த கதை.

நானும் உங்களைப் போல, வளர்ந்த பிறகு எழுதப் படித்தவன்தான். 1991 ஏப்ரல் 18 அன்று, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அதற்குச் சில வருடங்கள் கழித்து, ஒரு மாலை வகுப்பில் நான் தமிழ் படித்தேன். பிறகு மலையாளமும் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன்.

வீடு வாங்கும்போது அந்தப் படிப்பு எனக்கு உதவியது. பத்திரத்தை மூன்று முறை படித்தேன். ஆனால் சுவரை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு.

நான் வாங்கிய வீடு

பதினெட்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அதுவரை வாடகை வீட்டில் இருந்தோம். மனைவி தையல் வேலை செய்தாள். சீட்டுப் போட்டோம். நகையை அடகு வைத்தோம். மீதிக்குக் கடன் வாங்கினோம்.

கரமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் 4 சென்ட் இடம். அதில் ஒரு சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே கான்கிரீட் தளம். நாங்கள் பார்க்கப் போனது பிப்ரவரி மாதம். நல்ல வெயில். வீடு முழுவதும் புது பெயிண்ட். பளிச்சென்று இருந்தது.

மனைவி என் காதருகே கேட்டாள். "பழைய வீடுன்னுதானே சொன்னாங்க? இப்போ எதுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க?"

நான் சிரித்தேன். "விக்கிற வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்காம இருப்பாங்களா?" என்றேன்.

பின் அறையில் ஒரு பெரிய அலமாரி சுவரோடு ஒட்டி நின்றது. அதை நகர்த்திப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டின் பின்னால் போய்ப் பார்க்கவும் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் சுவர் கட்டுகிறவன் நான். ஆனால் சொந்த வீடு என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஜூன் மாதம் மழை பிடித்தது. நாலாம் நாள் பின் அறையில் ஒரு வாடை வந்தது. ஈரத்துணியை மூடி வைத்தால் வருமே, அந்த வாடை. பிறகு பெயிண்ட் அப்பளம் போலப் பொங்கியது. கை வைத்தால் உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக மாவு போல உப்புப் பூத்திருந்தது. சுவரின் மூலையில் கருப்பாகப் பூசணம் படர்ந்தது.

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. அந்த அறையில்தான் படுப்பாள். ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "வீட்டில் சுவர் நனைந்திருக்கிறதா?" என்பதுதான்.

ஒரு நாள் மனைவி சுவரைத் துடைத்தாள். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் கை பட்டதும் சுரீரென்று இழுத்தது. நல்ல வேளை, காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

பக்கத்து வீட்டு அம்மச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அந்தச் சுவர் எல்லா வருஷமும் நனையும் மக்களே. அதில் இருந்தவங்க மழைக்காலம் வந்தா கட்டிலை நடு அறைக்கு மாத்திடுவாங்க" என்றார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அம்மச்சி?" என்று கேட்டேன்.

"நீ கேட்டியா?" என்றார்.

நான் கேட்கவில்லை. ஒரு பைசா செலவில்லாத கேள்வி அது. கேட்டிருந்தால் பல ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

ஓதம் வரும் நான்கு வழிகள்

சுவரில் ஏறும் ஈரத்தை நாம் ஓதம் என்கிறோம். ஓதம் சும்மா வராது. அதற்கு ஒரு வழி இருக்கும். அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் மேலே எதைப் பூசினாலும் வீண். நான் பார்த்த அளவில் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, கீழிருந்து. விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறது? அதுபோலச் செங்கல்லும் மண்ணில் உள்ள நீரை மேலே இழுக்கும். ஒரு செங்கல்லை அரை அங்குலத் தண்ணீரில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஈரம் மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சுவரிலும் அப்படித்தான். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை ஏறும். அந்த உயரத்தில் கோடு போட்டது போல ஒரு கறை நிற்கும். இதைத் தடுக்கத்தான் அடிமானத்துக்கு மேல், சுவர் தொடங்கும் இடத்தில், நீர் புகாத ஒரு அடுக்குப் போடுகிறோம். பல பழைய வீடுகளில் அந்த அடுக்கு இருக்காது.

இரண்டாவது வழி, பக்கத்திலிருந்து. சாரல் அடித்துச் சுவர் நனையும். விரிசல் வழியாக நீர் உள்ளே புகும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இல்லை என்றால் ஜன்னல் ஓரம் நனையும். பக்கத்து மனையில் மண் கொட்டி உயர்த்தியிருந்தால், அந்த மண்ணின் ஈரமும் நம் சுவருக்கு வரும்.

மூன்றாவது வழி, மேலிருந்து. உடைந்த ஓடு, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், நீர் தேங்கும் மொட்டை மாடி. கான்கிரீட்டுக்குள் நீர் போனால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துப் போகும். அது கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

நான்காவது வழி, உள்ளிருந்து. குளியலறைக் குழாயில் கசிவு இருக்கும். அடுப்பு ஆவி, ஈரத்துணி ஆகியவற்றால் காற்றில் ஈரம் கூடும். அது குளிர்ந்த சுவரில் வேர்வை போலப் படியும். காற்றோட்டம் இல்லாத அறையில் இது அதிகம்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று வழிகள் சேர்ந்தும் இருக்கலாம். என் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

சுவரில் பூக்கும் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த உப்பு மண்ணிலிருந்தும் வரும். கழுவாத கடல் மணலில் கட்டியிருந்தால் அதிலிருந்தும் வரும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் உப்பு நீர்த்துப் போகிறது அல்லவா? சுவரில் இருக்கும் உப்பும் அப்படித்தான். காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு மழைக்காலம் உள்ள ஊர்

நம் ஊருக்கு இரண்டு மழை. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வரும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும். சென்னையில் ஒரு வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. திருவனந்தபுரத்தில் சுமார் 1,800 மில்லிமீட்டர். அங்கே மழை விட்டதும் சுவர் காய நீண்ட வெயில் கிடைக்கும். இங்கே ஒரு மழையின் ஈரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

பழைய ஆட்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அதுதான். பிறகுதான் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு வந்தது. அந்த அரண்மனைக்குப் போனால் கூரையைப் பாருங்கள். செங்குத்தாகச் சரிந்திருக்கும். சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மழை சுவரைத் தொடாமல் தள்ளி விழும். மரச் சட்டங்களுக்கு நடுவே காற்று வந்து போகும். சுவருக்கு ஒரு நல்ல குடை, கீழே ஒரு உயரமான திண்ணை, நடுவே காற்று. இவ்வளவுதான் வித்தை.

திருவனந்தபுரத்திலும் இதை நன்கு தெரிந்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1945இல் இந்தியாவுக்கு வந்தார். பிறகு நம் நாலாஞ்சிறையில் குடியேறி, ஏழைகளுக்கும் ஏற்ற வீடுகளைக் கட்டினார். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வட்டமாக, செங்கல் நிறத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதே, அது அவர் கட்டியதுதான். உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையமும் அவர் கட்டியதுதான். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். 2007 ஏப்ரல் 1 அன்று காலமானார்.

அவர் தன் கையாலேயே படம் வரைந்து சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். வீடு கட்டும் செலவைக் குறைப்பது பற்றி ஒரு புத்தகம் உண்டு. அதில் அடிமானத்தைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? அடிமானத்தை 18 அங்குல அகலத்தில் கருங்கல்லால் கட்டுகிறோம். அதன் நடுவில் 9 அங்குலச் செங்கல் சுவரை வைக்கிறோம். வெளிப்பக்கம் ஒரு படி போல நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரில் வழியும் மழைநீர் அந்தப் படியில் நின்று, அடிமானத்துக்குள் இறங்கும். இதற்கு அவர் சொன்ன வழி மிகவும் எளிது. செங்கல் சுவரை வெளி ஓரத்தோடு ஓரமாக வையுங்கள். நீர் நேராகக் கீழே வழிந்துவிடும். அறைக்குள்ளும் கொஞ்சம் இடம் கூடும். ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

நான் எத்தனையோ வீடுகளில் அந்தப் படியை வைத்தேன். அது நீர் நிற்கும் இடம் என்று யோசித்ததில்லை. என் சொந்த வீட்டைச் சுற்றியும் அதே படி இருந்தது.

வீடு பார்க்கப் போகும்போது

இப்போது உங்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீடு பார்க்கப் போகும்போது அந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள்.

ஒன்று. முடிந்தால் மழைக்காலத்தில் பாருங்கள். மழை பெய்த மறுநாள் போவது மிகவும் நல்லது. வெயில் காலத்தில் பார்த்துப் பிடித்திருந்தாலும், ஒரு மழைக்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள். "வேறே ஆள் நாளைக்கே முன்பணம் தர்றாங்க" என்று தரகர் அவசரப்படுத்துவார். அந்த அவசரம் அவருக்கு. கடன் கட்டப் போவது நீங்கள்.

இரண்டு. உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு சுற்று வாருங்கள். தெருவைவிட வீடு தாழ்வாக இருக்கிறதா? ரோடு போடப்போட உயர்ந்துகொண்டே போகும். வீடு உயராது. சுவரை ஒட்டி மண் குவிந்திருக்கிறதா? மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? சுவரின் அடியில் பச்சையாகப் பாசி இருக்கிறதா?

மூன்று. உள்ளே நுழைந்ததும் மூக்கைக் கேளுங்கள். பூட்டி வைத்த அறையில் பூசண வாடை வரும். ஊதுபத்தி மணம் தூக்கலாக இருந்தால் ஜன்னலைச் சாத்தி வைத்து, சிறிது நேரம் கழித்து மறுபடி வாருங்கள்.

நான்கு. அலமாரியை நகர்த்தச் சொல்லுங்கள். காலண்டரைத் தூக்கிப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால் பாருங்கள். கதவு நிலையின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். உளுத்திருந்தால் அங்கே ஈரம் உண்டு. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால், "ஏன்?" என்று கேளுங்கள். என் மனைவி கேட்ட கேள்வி அது. நல்ல கேள்வி.

ஐந்து. சுவரில் விரலால் தட்டுங்கள். பூச்சு விட்டுப் போயிருந்தால் டொப் டொப் என்று வெற்றுச் சத்தம் வரும்.

ஆறு. மொட்டை மாடிக்கு ஏறுங்கள். எங்கே கறை வட்டமாக இருக்கிறதோ, அங்கே நீர் தேங்கும். பிறகு கீழே வந்து அதே இடத்தில் கூரையைப் பாருங்கள். துருக்கறை தெரிகிறதா? கம்பி வெளியே தெரிகிறதா? வீட்டுக்காரர் சம்மதித்தால், நீர் போகும் வழியை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு பகல் ஒரு இரவு பாருங்கள். ஏற்கெனவே விரிந்து போன பழைய தளத்தில் இந்தச் சோதனை வேண்டாம். அது ஆபத்து.

ஏழு. எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லுங்கள். பிறகு தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் ஓடினால் எங்கோ கசிகிறது.

எட்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சந்தேகமான சுவரில் ஒட்டுங்கள். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம் போதும். நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. தடித்த ஆயில் பெயிண்ட் மேல் இது சரியாகத் தெரியாது.

ஒன்பது. அக்கம்பக்கத்தில் கேளுங்கள். இரண்டு வீட்டிலாவது கேளுங்கள். 2023 அக்டோபர் நடுவில் ஒரே இரவில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆமையிழஞ்சான் தோட்டின் ஓரத்திலும், தெற்றியாற்றின் ஓரத்திலும் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. "அன்றைக்கு இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? எதுவரை வந்தது?" என்று கேளுங்கள்.

பத்து. ஒரு நல்ல கொத்தனாரைக் கூட்டிப் போங்கள். ஒரு நாள் கூலி கொடுங்கள். தரகர் கூட்டி வரும் ஆள் வேண்டாம்.

சின்னக் குறையா, பெரிய குறையா?

ஓதம் இருக்கிறது என்றால் அந்த வீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் ஈரமே படாத பழைய வீடு கிடைப்பது கஷ்டம். எது சின்னக் குறை, எது பெரிய குறை என்று தெரிந்துகொண்டால் போதும்.

உடைந்த ஓடு சின்னக் குறை. அடைத்த குழாயும் சின்னக் குறை. சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி எடுத்துவிடலாம். ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு வைக்கலாம். ஒரு வார வேலை.

சுவர் முழுவதும் கீழிருந்து ஓதம் ஏறினால் அது பெரிய குறை. தளத்துக் கம்பி துருப்பிடித்து, சிமெண்ட் பெயர்ந்து விழுவது மிகப் பெரிய குறை. வீடே பள்ளத்தில் இருந்து, வருடா வருடம் வெள்ளம் புகுந்தால், அதை எந்தக் கொத்தனாராலும் சரி செய்ய முடியாது.

செலவு எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைக்கவில்லை என்றால் யோசியுங்கள். திரும்பி வருவது வெட்கம் இல்லை.

இதில் பணம் மட்டும் இல்லை. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஒரு முழு அறிக்கையே வெளியிட்டது. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் எழுதுங்கள்

நாம் எழுதப் படித்தது இதற்குத்தான்.

நம் நாட்டில் சொத்து மாற்றுச் சட்டம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1882ஆம் வருடத்துச் சட்டம். அதன் 55ஆவது பிரிவு என்ன சொல்கிறது? சொத்தில் பெரிய குறை ஒன்று இருக்கிறது. விற்பவருக்கு அது தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும்.

'சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும்' என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் கறையை நாம் பார்க்காமல் விட்டால், பிறகு சட்டத்தைக் காட்டிப் பேசுவது கஷ்டம். ஆகவே பார்ப்பது நம் கடமை. கேட்பதும் நம் கடமை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் நேராகக் கேளுங்கள். "மழைக்காலத்தில் எந்தச் சுவர் நனையும்? தளம் ஒழுகுமா? வெள்ளம் வந்திருக்கிறதா?" அவர் சொல்லும் பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரியவில்லை என்றால், நம்பிக்கையான ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

புதிய அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சட்டம் இருக்கிறது. 2016இல் வந்தது. ரெரா என்று சொல்கிறார்கள். அதில் பதிவு செய்த திட்டத்தில் வீடு வாங்கினால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைக் குறையையும் கட்டியவரே தன் செலவில் சரி செய்ய வேண்டும். நாம் தெரிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். கேரளத்துக்கான ரெரா அலுவலகம் நம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. புகாரை எழுத்தில் கொடுங்கள். ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு

என்னைப் போல ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கும் வழி இருக்கிறது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். சுவர் நனைந்ததும் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கெட்டியாகச் சிமெண்ட் பூசினேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. அடுத்த மழையில் ஓதம் சிமெண்டைத் தாண்டி இன்னும் மேலே ஏறியது. வெளியே வர வழி இல்லாத நீர் மேலேதானே போகும்?

அதன் பிறகுதான் வழியைத் தேடினேன். வீட்டின் பின்னால் பக்கத்து மனைக்காரர் மண் போட்டு உயர்த்தியிருந்தார். அந்த மண் எங்கள் அடிமானத்துக்கு மேலே வந்து சுவரைத் தொட்டது. மழைநீர் அந்தப் படியில் நின்றது. அதோடு குளியலறைக் குழாயிலும் ஒரு கசிவு. மூன்று வழிகள் ஒரே சுவரில் வந்து சேர்ந்தன.

பக்கத்து மனைக்காரரிடம் தன்மையாகப் பேசினேன். அவர் சம்மதித்தார். இரண்டு பேரும் சேர்ந்து மண்ணை வெட்டி எடுத்தோம். நடுவில் ஒரு ஓடை வெட்டி நீரைத் தெருப்பக்கம் திருப்பினோம். குழாயை மாற்றினேன். அடிமானப் படியில் நீர் நிற்காமல் வெளிப்பக்கம் சரிவாகப் பூசினேன். சுவருக்கு மேல் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினேன்.

பிறகு சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே விட்டேன். செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. வந்தவர்கள் எல்லாம், "கொத்தனார் வீடு இப்படியா?" என்று கேட்டார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். சுவர் காய நாள் ஆகும். அடுத்த கோடை முடியும் வரை காத்திருந்து, பிறகு சுண்ணாம்புக் காரை பூசினேன். சுண்ணாம்பு சுவரை மூச்சு விட வைக்கும். ஈரம் இருந்தால் வெளியே போகவிடும்.

மின்சாரத்துக்கும் ஒரு வேலை செய்தேன். ஈரச் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டை உள் சுவருக்கு மாற்றினேன். ஈ.எல்.சி.பி. வைத்தேன். மின்சாரம் கசிந்தால் அது உடனே லைனைத் துண்டித்துவிடும். இந்த வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஈரச் சுவரில் நீங்களே கை வைக்காதீர்கள்.

இப்போது அந்த அறை காய்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன். முக்கால்வாசி காய்ந்துவிட்டது. பலத்த மழையில் தரையோரம் கொஞ்சம் ஈரம் தெரியும். அடிமானத்துக்கு மேல் அந்த நீர் புகாத அடுக்கு இல்லை. கட்டி முடித்த சுவருக்கு அடியில் அதைப் போடுவது பெரிய செலவு. அதனால் அந்தச் சுவரை ஒட்டி எதையும் வைப்பதில்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். மகளுக்கு மூச்சிரைப்பு குறைந்தது. இப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

போன வருடம் மகளும் மருமகனும் பேரூர்க்கடைப் பக்கம் ஒரு வீடு பார்த்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். புது பெயிண்ட், நல்ல வெயில். எல்லாம் பழையபடிதான். நான் வாயைத் திறப்பதற்கு முன் என் மனைவி அலமாரியைக் காட்டி, "இதைக் கொஞ்சம் நகர்த்துங்க மக்களே" என்றாள். மகள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போய்விட்டாள்.

அலமாரிக்குப் பின்னால் ஒரு கறை இருந்தது. மாடிக் குழாய் ஒன்று உடைந்திருந்தது. சின்னக் குறைதான். வீட்டுக்காரர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். விலையில் கொஞ்சம் குறைத்தார். அதையும் ஒப்பந்தத்தில் எழுதினோம். இன்று அவர்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். இரண்டு மழையும் பார்த்துவிட்டார்கள். சுவர் காய்ந்தே இருக்கிறது.

நண்பர்களே, பத்திரத்தைப் படியுங்கள். அதைப் போலவே சுவரையும் படியுங்கள். கறை ஒரு எழுத்து. வாடை ஒரு எழுத்து. பக்கத்து வீட்டு அம்மச்சியின் பேச்சும் ஒரு பக்கம். எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகு முன்பணத்தை எடுங்கள்.

 உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் இப்போது கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.